முட்டியில் தெரிந்த ஊசிகள்

காலை பத்து இருபது. மருத்துவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பியபோது என் கண்ணில் முதலில் பட்டவை எலும்புகள் அல்ல, ஊசிகள். தொடை எலும்பின் அடியும் கால் எலும்பின் தலையும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தன. அவற்றைச் சுற்றி, முட்டிச் சில்லுக்கு மேலும் கீழும், எலும்பைவிடப் பளிச்சென்ற வெள்ளையில் மெல்லிய கோடுகள் கிடந்தன. எல்லாம் ஒரே நீளம், விரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். எல்லாம் நேர்க்கோடு.

அது என் மனைவியின் வலது முட்டி.

தமிழ் நாளிதழ் ஒன்றில் நான் பக்க ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு படம் மேசைக்கு வந்தால் அதில் இருக்கக்கூடாதது எது என்று முதலில் தேடுவது என் தொழில் பழக்கம். திறந்திருக்கும் சட்டைப் பொத்தான், அமைச்சரின் தலைக்குப் பின்னால் முளைத்தது போல் நிற்கும் பூச்செடி, இவற்றையெல்லாம் அச்சுக்குப் போகும் முன் பிடித்துவிடுவேன். அன்றும் பிடித்தேன். என்னவென்று மருத்துவர் சொல்வதற்குள் நானே விளக்கமும் சொன்னேன்.

"இவங்க தையல் வேலை செய்றவங்க, டாக்டர். உடைஞ்ச ஊசி ஏதாவது குத்தி உள்ள போயிருக்கும்."

இதை மலாயில் சொன்னேன். மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். பொறுமையாகத் தலையசைத்தார். பிறகு இடது முட்டியின் படத்தைத் திறந்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு காலையும் படம் எடுத்திருந்தார்கள். இடது முட்டியிலும் அதே கோடுகள், அதே ஒழுங்கில் இருந்தன.

மருத்துவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியின் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, இது சூசோக்கா?" என்று கேட்டார்.

எங்கள் நாட்டில் அந்தச் சொல் தெரியாதவர்கள் குறைவு. போமோ எனப்படும் மலாய் மந்திரவாதி மந்திரித்துத் தோலுக்கடியில் செருகும் தங்க ஊசி அது. அழகுக்காக முகத்தில் செருகிக்கொள்ளும் பெண்களைப் பற்றித்தான் கதைகள் உலவும். பாடகிகள், கேளிக்கை விடுதிப் பெண்கள், கணவனைக் கைக்குள் வைத்திருக்க நினைப்பவர்கள். மலாய்க்காரர்களின் மதத்தில் அது பாவம். போட்டுக்கொண்டவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். நாளிதழில் என் பக்கத்தில் போமோக்களையும் போலிச் சாமியார்களையும் பற்றி எத்தனையோ செய்திகள் போட்டிருக்கிறேன். ஏமாந்த பெண்களின் படங்களும் போட்டிருக்கிறேன், கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்து.

என் மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அப்போது நான் தமிழில் சொன்னேன்: "யார மயக்குறதுக்கு இது?"

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, அந்த அறையில் இது எங்கள் இருவருக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கதவருகே நின்ற தாதி தமிழ்ப் பெண் என்பது அவள் சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பியபோதுதான் உறைத்தது.

என் மனைவி திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "மயக்குறதுக்குன்னா மூஞ்சில போடுவாங்க. முட்டியில போடுறது நடக்குறதுக்கு."

அலமாரிப் பக்கம் திரும்பியிருந்த தாதியின் தோள் குலுங்கியது. பிறகு அவள் முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்து, "அங்கிள், கொஞ்சம் வெளிய உக்காருங்க லா. டாக்டர் ஆன்ட்டிகிட்ட தனியா கேக்கணுமாம்" என்றாள்.

எதற்காகத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதை மருத்துவர் எனக்கு விளக்கினார், நான் எழுந்து நின்ற பிறகு. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும்; எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பும் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் தசைநார்களும் தெரியாது. என் மனைவியின் எலும்பில் முறிவு இல்லை. ஆனாலும் வீக்கம் வடியவில்லை, காலை நீட்ட முடியவில்லை. எனவே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். உடம்புக்குள் இருப்பது தங்கம் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வேறு உலோகம் கலந்திருந்தால் இழுக்கலாம், சூடேறலாம். ஊசியை யார் போட்டது, எதில் செய்தது, முகத்திலோ கண் அருகிலோ வேறெங்காவது இருக்கிறதா என்று தெரியாமல் உள்ளே அனுப்ப மாட்டார்கள்.

"அவங்க உங்க முன்னால சொல்ல மாட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்றார் மருத்துவர், மிகவும் மரியாதையாக.

நான் வெளியே உட்கார்ந்தேன்.

முந்தின மாதம் வீட்டின் பின்வாசலில் துணி அலசிய வாளியோடு இறங்கும்போது அவள் கால் சாக்கடைக் கால்வாய் மூடியின் இடுக்கில் சிக்கித் திரும்பி, கீழே விழுந்தாள். டக் என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னாள். நான் முன்னறையில் இருந்தேன். தைலம் தேய்க்கச் சொன்னேன். படம் எடுக்க வேண்டுமா என்று எங்கள் வட்டாரமான புந்தோங்கின் கிளினிக்கில் கேட்டபோது, "சுளுக்குதான், தேவையில்ல" என்று சொன்னதும் நான்தான். அவளைக் கேட்கவில்லை. முட்டி பப்பாளிக்காய் அளவுக்கு வீங்கிய பிறகுதான் அந்தக் கிளினிக்காரரே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அவள் முட்டி வலி அன்று தொடங்கியதல்ல. அதுவும் எனக்குத் தெரியும். முன்பு நாங்கள் மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் நான்காவது மாடியில் இருந்தோம். அப்போதே சொல்வாள். அவள் பிறந்தது கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டம். அந்தத் தோட்டத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. தோட்டத்து ஆட்களுக்கு முட்டி வலி என்பது மழை போல, வரும் போகும் என்று நான் பதில் சொல்வேன். வயசாகுது, எடையைக் குறை என்றும் சொல்வேன். ஒரு கட்டத்தில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். வலி போய்விட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. தாதி அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். "தங்கம்தானாம், அங்கிள். ரெண்டு முட்டிலயும் மட்டுந்தான். கீழ ஸ்கேன் டிபார்ட்மெண்ட்டுக்குப் போலாம். அங்கயும் ஒருதடவ கேப்பாங்க. கேட்டா சொல்லிருங்க, சரியா?"

சரி என்றேன்.

ஸ்கேன் பகுதியின் காத்திருப்புக்கூடம் நிறைந்திருந்தது. ஒரு தொலைக்காட்சி சத்தமில்லாமல் சமையல் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் எதிர்வரிசையில் இருந்த ஒருவர் என்னையே பார்த்தார். அறுபது வயதிருக்கும். இடுப்பில் அகலமான பட்டை கட்டியிருந்தார். எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி எங்கள் பக்கத்து நாற்காலிக்கே வந்துவிட்டார்.

"சார், நீங்கதானே பேப்பர்ல எழுதுவீங்க? போட்டோ போடுவாங்களே! பாத்த உடனே புடிச்சிட்டேன்."

ஆம் என்றேன்.

"எனக்கு ஊரு பாகான் டத்தோ. தென்னந்தோப்பு. உங்க பக்கத்த ஒருவாரம் விட்டது இல்ல சார். அந்த போமோ பயலுங்கள கிழிச்சுத் தொங்க விட்டீங்களே! நம்ம ஆளுங்களுக்கு அப்படித்தான் சொல்லணும். படிச்சவன் சொன்னாத்தான் கேப்பான்." பிறகு என் மனைவியைப் பார்த்து, "அக்கா, இந்த மாதிரி ஆளு கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றாள் என் மனைவி. முகத்தில் எதுவும் இல்லை.

கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னை அடையாளம் கண்டு யாரும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அவர் கூடத்தில் உள்ள மற்றவர்களுக்கும் கேட்கும்படிதான் பேசினார். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஸ்கேன் எடுக்கும் இளைஞர் கையில் ஒரு தாளோடு வந்து, என் மனைவியின் பெயரைக் கூப்பிட்டார். எங்கள் முன்னால் நின்று மலாயில் வரிசையாகக் கேட்டார். இதயத்தில் கருவி வைத்திருக்கிறதா? அறுவைச் சிகிச்சை செய்து தகடு, திருகாணி ஏதும் இருக்கிறதா? செயற்கைப் பல்? எல்லாவற்றுக்கும் நான்தான் இல்லை என்று பதில் சொன்னேன். எங்கே போனாலும் அவளுக்கும் சேர்த்து நான் பதில் சொல்வதுதான் எங்கள் வழக்கம்.

"சூசோக்?"

அவர் அதையும் மற்றக் கேள்விகளின் தொனியிலேயே கேட்டார். பாகான் டத்தோக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக இருந்தார், ஏதோ நல்ல நகைச்சுவை வரப்போகிறது என்பது போல.

"தக் அடா" என்றேன். இல்லை.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. காந்தம், சூடு, இழுக்கும் என்று மருத்துவர் சொன்ன எல்லாம் எனக்கு நினைவிருந்தது. மறந்து சொன்ன பதில் அல்ல அது. இளைஞர் தாளில் பேனாவை வைத்தார். நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன். யாரோ மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார்கள்.

"அடா" என்றாள் என் மனைவி. "டுவா-டுவா லூதுட்."

இருக்கிறது. இரண்டு முட்டியிலும். கூடம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள். தையல் கொடுக்க வரும் பெண்களிடம் பின்வாசலில் இருந்து முன்வாசலுக்குப் பேசும் குரல் அது.

இளைஞர் பேனாவை எடுத்தார். என்னைப் பார்த்து, கோபமில்லாமல், "அங்கிள், எக்ஸ்ரேல ஏற்கெனவே பாத்துட்டேன். ஆனா கேட்டு எழுதணும்" என்றார். பிறகு அவளிடம் மட்டும் பேசினார். உள்ளே ஏதாவது சூடாகத் தெரிந்தால் கையில் கொடுக்கும் பந்தை அமுக்க வேண்டும், உடனே நிறுத்திவிடுவோம் என்றார். அவள் கவனமாகக் கேட்டுத் தலையசைத்தாள். வளையல், தோடு, மூக்குத்தி, தாலிச் சங்கிலி என்று கழற்றக்கூடிய தங்கத்தையெல்லாம் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என் கையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்திருக்கும் முன், பாகான் டத்தோக்காரர் என்னைத் தாண்டிக் குனிந்து, தாழ்ந்த குரலில் அவளிடம் கேட்டார்.

"யாருகிட்டக்கா போட்டீங்க? வலி நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணே. கொஞ்ச வருஷம்."

"ஆளு இன்னும் இருக்காரா?"

"செத்துட்டாரு."

"அடடா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு, தன் இடுப்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டு.

அவள் உள்ளே போனாள். கனத்த கதவு மூடியது. சற்று நேரத்தில் சுவருக்குப் பின்னால் இருந்து தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பழைய அச்சு இயந்திரம் போல, நின்று நின்று, வேகம் மாறி மாறி. பந்தை அமுக்கிவிடுவாளோ என்று ஒவ்வொரு முறை சத்தம் நின்றபோதும் எழுந்து நின்றேன். அமுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவளிடம் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

"சொன்னா பேப்பர்ல போட்டுருவீங்க."

அது நகைச்சுவையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். பாஜு குரோங் என்ற மலாய் உடை தைக்கக் கொடுக்கும் ஒரு மலாய்க்காரப் பெண்தான் அழைத்துப் போனாளாம். கோலா கங்சாருக்குப் போகும் வழியில், கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுப் போமோக் கிழவர் ஊசிகளை வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினாராம். வலிக்கவே இல்லையாம். அன்றே நான்கு மாடியும் நிற்காமல் ஏறினாளாம்.

"சில பத்தியம் இருக்கு. அத விட்டா வேலை செய்யாது."

"என்ன பத்தியம்?"

"சாத்தேய குச்சியோட கடிச்சு இழுக்கக்கூடாது. துணிக்கொடிக்குக் கீழ நடக்கக்கூடாது. முருங்கக்கீர வாயில வெக்கக்கூடாது."

நான் காரைச் சாலையோரம் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் போல் இருந்தது. சுட்ட இறைச்சியைக் குச்சியிலிருந்து கரண்டியால் தட்டில் உதிர்த்துச் சாப்பிடுவாள். "எங்க வீட்டுச் சீமாட்டி சாத்தேய்க்குக் கரண்டி கேப்பாங்க" என்று விருந்தாளிகளிடம் எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். துணிக்கொடியைச் சுற்றிக்கொண்டு போவாள். அதை அவள் சுத்தம் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பின்புறம் கால்வாய் ஓரத்தில் முருங்கை நிற்கிறது. வாரம் தவறாமல் முட்டை போட்டுக் கீரை கிளறுவாள். அத்தனையும் எனக்கே வைத்துவிடுவாள். எனக்குப் பிடிக்கும் என்பதற்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு மட்டும் நானே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுவாரம் முடிவுக்காகப் போனோம். மருத்துவர் அவள் முட்டியைத் திரையில் துண்டு துண்டாக நகர்த்திக் காட்டினார், புத்தகத்தில் பக்கம் புரட்டுவது போல. ஊசிகள் இதில் வெள்ளையாக இல்லை, கறுப்புப் பொட்டுகளாக இருந்தன. எலும்புக்குள் ஓர் இடத்தில் வெண்புகை படர்ந்தது போல் வெளுத்திருந்தது. அது கால்வாய் மூடியில் கால் சிக்கி விழுந்ததால் வந்த அடி, தானாக ஆறிவிடும் என்றார். பிறகு இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் ஒரு சிறிய கறுப்பு முக்கோணத்தைக் காட்டினார். அதுதான் மெத்தை. முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டியதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று ஓடியது. கீற்று முடியும் இடத்தில் நீர் நிறைந்த சிறிய பை ஒன்று.

"கிழிஞ்சிருக்கு. ஆனா இது விழுந்து வந்தது இல்ல. இந்த மாதிரி நீர்ப்பை கட்டுறதுக்கு ரொம்ப நாளாகும். ஆன்ட்டி இந்தக் கிழிசலோடதான் பல வருஷமா நடந்திருக்காங்க."

நடக்கும்போது முட்டி பூட்டிக்கொள்வது உண்டா என்று அவளைக் கேட்டார். உண்டு என்றாள். அப்போது என்ன செய்வீர்கள்? நின்று, காலைப் பக்கவாட்டில் உதறினால் விட்டுவிடும் என்றாள். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒற்றைக்காலில் நின்று அவள் காலை உதறுவதை நான் பார்த்திருக்கிறேன். பாட்டுக்குத் தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன். வானொலி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் பயிற்சி, பூட்டிக்கொள்வது நிற்காவிட்டால் சிறு துளை வழியாக அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் சொன்னார். ஊசிகளைப் பற்றிக் கேட்டேன். "அதுங்க நல்லதும் செய்யல, கெட்டதும் செய்யல. சும்மா இருக்கு. எடுக்க வேண்டியதில்ல."

"ஆனா நான் நடந்தேன்ல" என்றாள் என் மனைவி.

மருத்துவர் சிரித்தார். "நடந்தீங்க, ஆன்ட்டி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நான் முருங்கையில் கீரை பறித்தேன். உருவி, காம்பு பார்த்து, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினேன். உப்பு கூடிவிட்டது. அவள் பயிற்சியை முடித்துவிட்டு மேசைக்கு வந்தாள்.

"டாக்டரே சொல்லிட்டாங்க, ஊசி ஒன்னும் பண்ணாதுன்னு. நீயும் கொஞ்சம் போட்டுக்க" என்றேன்.

"சாப்புடுங்க" என்றாள்.

கிண்ணத்தை எடுத்துக் கீரை முழுவதையும் என் தட்டில் வழித்துப் போட்டாள். அவள் தட்டில் ரசமும் அப்பளமும் இருந்தன.